மழைக் கட்டங்களின் சராசரியும் பிற்செலவும்: 225 கட்டங்கள் 225 சாட்சிகள் ஆகுமா?

பாலியாறு (மாங்குளம்)

வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக, கனகராயன் ஆற்றுப் பக்கத்தையும் கிழக்கே முல்லைத்தீவுக் கரையையும் உள்ளடக்கிய ஒரு பெட்டிக்குள் காலபோக மழை 1981 முதல் எவ்வாறு மாறியிருக்கிறது என்று கணித்துக்கொண்டிருக்கிறேன். எடுத்த தரவு சிர்ப்ஸ் (செய்மதிப் படங்களையும் நிலத்து மழைமானிகளையும் சேர்த்து ஆக்கிய மழைத் தரவு), 0.05 பாகைக் கட்டங்கள், மாத மொத்தங்கள். பெட்டி வட அகலக்கோடு 8.8 முதல் 9.55 வரையும் கிழக்கு நெடுங்கோடு 80.1 முதல் 81.1 வரையும் உள்ளது. அதாவது 15 நிரை, 20 நிரல், 300 கட்டங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நான்கு மாதங்களைக் கூட்டி, ஒவ்வொரு கட்டத்தின் ஒவ்வொரு போகத்தையும் தனித்தனிப் புள்ளியாக எடுத்து, ஆண்டின் மீது ஒரு பிற்செலவுக் கோடு, அதாவது ஆண்டுக்கு ஆண்டு மழை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் போக்குக் கோடு, பொருத்தினேன்.

இரண்டு விடயங்கள் உறுத்துகின்றன. பெட்டியின் சராசரி மழை, நாங்கள் இங்கே கண்ணால் காணும் மாரியோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வருகிறது. மறுபுறம், பி பெறுமானமோ (போக்கே இல்லாவிட்டாலும் இப்படியொரு கோடு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு) தசமப் புள்ளிக்குப் பின் பூச்சியங்களாகவே நீள்கிறது. மழை போன்ற ஒன்றில் இவ்வளவு உறுதி எங்கிருந்து வரும்? கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் இந்த இழை மழை கூடியதா குறைந்ததா என்ற பழைய வழக்காகிவிடும்.

மேகலை_02 (வவுனியா)

அகலக்கோட்டின் கோசைனால் நிறையிட்டீர்களா? நெய்யரித் தரவில், அதாவது நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்த தரவில், நிறையில்லாத சராசரி தவறு என்றுதான் எல்லா வழிகாட்டிகளிலும் முதலில் எழுதியிருக்கும்.

வரம்பு (வவுனியா)

மேகலை சொல்வது உலகச் சராசரிக்கு முழு உண்மை. 60 பாகையில் உள்ள கட்டத்தின் பரப்பு மத்தியகோட்டுக் கட்டத்தின் பரப்பில் பாதி; அங்கே நிறையிடாமல் சராசரி எடுத்தால் துருவப் பக்கம் ஊதிப்போகும். ஆனால் இந்தப் பெட்டியில் 8.8 பாகையின் கோசைன் 0.9882, 9.55 பாகையின் கோசைன் 0.9861. தெற்கு நிரைக்கும் வடக்கு நிரைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.2 சதவீதம். நிறையிடுவது நல்ல பழக்கம், இட்டுவிடுங்கள். உங்கள் சராசரி குறைந்ததற்குக் காரணம் அதுவல்ல. வேறெங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது.

கட்டுக்கரை (மன்னார்)

பெட்டியின் நெடுங்கோட்டைப் பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது. 9.5 பாகையில் சுண்டிக்குளத்துக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் கடல். கரை அங்கிருந்து முல்லைத்தீவு, கொக்கிளாய் என்று தென்கிழக்காகச் சரிந்து போகிறது. வரைபடத்தில் எண்ணிப் பார்த்தால் உங்கள் 300 கட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கடலாக இருக்கும். சிர்ப்ஸ் நிலத்துக்கு மட்டுமே மழை தருகிறது. கடல் கட்டங்களில் -9999 என்ற அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணை உங்கள் கருவி விடுபட்ட பெறுமானம் என்று உணராமல் அப்படியே சராசரியில் சேர்த்திருந்தால் மழை மறையாகப் போய், தவறு உடனே கண்ணில் பட்டிருக்கும். அது நடக்கவில்லை. ஆகவே நீங்கள் பைதனில் எக்ஸ்அரே என்ற நிரல் நூலகத்தை வைத்துக் கணித்திருக்கிறீர்கள் என்றும், கோப்பு நெட்சிடிஎஃப் வடிவில் இருந்தபடியால் அந்த எண் திறக்கும்போதே வெற்றிடமாக மாறியிருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். ஊகம் சரியானால், நான்கு மாதங்களை எந்தக் கட்டளையால் கூட்டினீர்கள்?

பாலியாறு (மாங்குளம்)

ஊகம் சரி, அண்ணா. வழக்கமான கூட்டல் கட்டளைதான். அதன் பிறகு போகங்களுக்கு மேலும், கட்டங்களுக்கு மேலும் சராசரி எடுத்தேன்.

கட்டுக்கரை (மன்னார்)

அங்கேதான் விழுந்திருக்கிறீர்கள், நானும் ஒருமுறை அதே குழியில் விழுந்து ஒரு வாரம் கிடந்தேன். எக்ஸ்அரேயின் சராசரி வெற்றிடங்களைத் தாண்டிச் செல்லும். எல்லாமே வெற்றிடமாக இருந்தால் வெற்றிடத்தையே திருப்பித் தரும். கூட்டலும் வெற்றிடங்களைத் தாண்டித்தான் செல்கிறது, ஆனால் எல்லாமே வெற்றிடமாக இருந்தால் விடை பூச்சியம். எதையும் கூட்டாவிட்டால் தொகை பூச்சியம் என்பது கணிதத்தில் குற்றமில்லை; மழையில் பெருங்குற்றம். உங்கள் கடல் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு போகத்திலும் மழையே பெய்யாத பாலைவனமாகச் சராசரிக்குள் நுழைந்துவிட்டன. உதாரணமாக நிலத்தில் 900 மில்லிமீற்றர் பெய்திருந்து, நான்கில் ஒரு பங்கு கட்டங்கள் பொய்ப் பூச்சியமானால், பெட்டிச் சராசரி 675 என்று வரும். இந்த எண் பார்வைக்கு நம்பத்தக்கதாக இருப்பதுதான் அபாயம்.

திருத்தம் சிறியது. கூட்டும்போது குறைந்தபட்சம் எத்தனை உண்மைப் பெறுமானங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கும் தெரிவு ஒன்று உண்டு; அதை 4 என்று வையுங்கள். ஒரு மாதம் விடுபட்டாலும் அந்தப் போகம் வெற்றிடமாகும். நந்திக்கடல், கொக்கிளாய் ஓரங்களில் பாதி நீரும் பாதி நிலமுமான கட்டங்களைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்து, ஆய்வில் ஒரு வரியாவது எழுதுங்கள்.

சிடிஓ என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு குறிப்பு. அதன் புலச்சராசரிக் கட்டளை கட்டத்தின் பரப்பைத் தானே கணித்து நிறையிடும். ஆனால் கோப்பில் ஆள்கூறுகள் தொலைந்துபோயிருந்தால் சம நிறையை எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் திரையில் எழுதும். அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

பாலியாறு (மாங்குளம்)

திருத்திவிட்டேன். சராசரி இப்போது நம்பக்கூடியதாக வருகிறது. நிலக் கட்டங்கள் 225 எஞ்சின. ஆனால் குறைந்தபட்சம் 4 என்று வைத்ததும் முதல் போகம் முழுவதும் வெற்றிடமாகிவிட்டது. முன்பு 44 போகங்கள் இருந்தன, இப்போது 43.

கட்டுக்கரை (மன்னார்)

நல்லது, இரண்டாவது பிழையும் அதே வலையில் அகப்பட்டது. சிர்ப்ஸ் 1981 ஜனவரியில் தொடங்குகிறது. ஒக்டோபரில் ஆண்டு தொடங்குவதாக நீங்கள் தொகுத்தபோது, அந்த ஜனவரி 1980/81 போகத்தின் ஒரே மாதமாகத் தனியே நின்றிருக்கிறது. ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் இல்லாத காலபோகம் என்றால் மாரியே இல்லாத மாரி. அது தொடரின் முதற்புள்ளியாக நின்று கோட்டின் இடது நுனியைக் கீழே இழுத்திருக்கிறது.

வரம்பு (வவுனியா)

எவ்வளவு இழுத்திருக்கும் என்பதைக் கையாலேயே கணிக்கலாம், மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. 44 ஆண்டுத் தொடரில் முதல் ஆண்டு நடு ஆண்டிலிருந்து 21.5 ஆண்டு விலகி நிற்கிறது. எல்லா ஆண்டுகளின் விலகல் வர்க்கங்களையும் கூட்டினால் 7095. அந்த முதற்புள்ளி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 700 மில்லிமீற்றர் கீழே விழுந்தால், படித்திறன் (கோட்டின் சாய்வு) 700 × 21.5 ÷ 7095, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 மில்லிமீற்றரால் மேலே சாயும். தொடரின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு அது 90 மில்லிமீற்றர். உங்கள் கோடு எந்தப் பக்கம் போயிருந்தாலும், அதில் இவ்வளவு தூரம் விடுபட்ட மூன்று மாதங்கள் செய்த வேலை.

நாட்காட்டி ஆண்டாகக் கூட்டுபவர்களுக்கும் இங்கே தப்பிக்க வழியில்லை. எங்கள் மாரி டிசம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே பாயும் ஆறு. டிசம்பர் 31இல் அதைக் குறுக்கே வெட்டினால் ஓர் ஆண்டின் வெள்ளத்தின் வாலும் அடுத்த ஆண்டின் வெள்ளத்தின் தலையும் ஒரே கணக்கில் ஒட்டிக்கொள்ளும். தென்மேற்கு மழையை எண்ணி எழுதப்பட்ட செய்நிரலை வன்னிக்கு எடுத்து ஓட்டினால் இதுதான் நடக்கும்.

பழைய மழைமானி (கிளிநொச்சி)

பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிற்செலவு என்ற சொல்லைக் கண்டு, ஏதோ குளக்கட்டுத் திருத்தத்துக்குப் பிந்திய செலவு என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன்.

வரம்பு (வவுனியா)

ஐயா, எங்கள் புள்ளிவிபரவியலில் அதுதான் வழங்குகிறது. தமிழ்நாட்டு நூல்களில் தொடர்புப்போக்கு என்பார்கள். செலவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று முதல் வகுப்பிலேயே ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். தங்கச்சி, சராசரியும் முதற்புள்ளியும் திருந்தின. ஆனால் பி பெறுமானம் இன்னும் அப்படியே பூச்சியங்களாகத்தான் இருக்கும், இல்லையா? காரணம், 225 கட்டங்களை 43 போகங்களால் பெருக்கி 9,675 புள்ளிகள் இருப்பதாகக் கணினிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவை ஒவ்வொன்றும் தன்னிச்சையாகச் சாட்சி சொல்ல வந்தவை என்று கணினி நம்புகிறது. ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் ஒன்றாகத்தான் மழை கொட்டுகிறது. வராவிட்டால் மூன்று இடமும் ஒன்றாகத்தான் காய்கிறது. பக்கத்துக் கட்டம் புதிதாக எதையும் சொல்வதில்லை, முதற்கட்டம் சொன்னதையே திரும்பச் சொல்கிறது. ஒரே வீட்டில் 225 பேரைக் கேட்டுவிட்டு 225 வீடுகளைக் கேட்டதாக எழுதினால் எப்படி இருக்கும், அப்படி.

கட்டங்கள் முழுமையாக ஒன்றோடொன்று இணைந்து ஆடினால், உண்மையான புள்ளிகள் 43 மட்டுமே. நீங்கள் கணித்த நியம வழு (படித்திறன் எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) 225இன் வர்க்கமூலத்தால், அதாவது 15 மடங்கால், குறைத்துக் காட்டப்பட்டிருக்கும். முழுமையாக இணைந்து ஆடுவதில்லை என்பதால் உண்மை இடையில் எங்கோ இருக்கிறது, ஆனால் 43இன் பக்கத்துக்கு மிக அண்மையில். எனவே முதலில் 225 கட்டங்களையும் ஒவ்வொரு போகத்துக்கும் ஒரே சராசரியாக்குங்கள். பிறகு 43 புள்ளிகளில் கோடு பொருத்துங்கள். அந்த 43உம் கூட ஒன்றையொன்று அறியாதவை அல்ல. அடுத்தடுத்த போகங்களுக்கிடையே இணைபுக் குணகம் (ஒன்றோடொன்று ஒத்து ஆடும் அளவு) 0.2 என்று வைத்துக்கொண்டால், பயனுள்ள எண்ணிக்கை 43 × 0.8 ÷ 1.2, ஏறத்தாழ 29 ஆகிறது.

மேகலை_02 (வவுனியா)

கட்டங்களைச் சராசரியாக்கிவிட்டால் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு தொலைந்துவிடாதா? ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் படித்திறன் கணித்து, பிறகு அந்தப் படித்திறன்களின் சராசரியை எடுத்தால் கூடுதல் தகவல் கிடைக்குமே.

வரம்பு (வவுனியா)

நல்ல கேள்வி, விடை பலருக்கு வியப்பாக இருக்கும். விடுபட்ட பெறுமானங்கள் இல்லையென்றால், இழிவு வர்க்க முறையில் இரண்டும் கடைசித் தசமம் வரை ஒரே எண்ணைத்தான் தரும். எல்லாக் கட்டங்களுக்கும் எக்ஸ் அச்சு அதே ஆண்டுகள்; படித்திறன் என்பது மழைப் பெறுமானங்களின் நேர்கோட்டுச் சேர்க்கை; ஆகவே முன்னே சராசரி எடுத்தாலும் பின்னே எடுத்தாலும் ஒன்றுதான். ஒரு நேர்த்தியான சோதனையாகவும் அதைப் பயன்படுத்தலாம்: இரண்டும் ஒத்துவராவிட்டால் செய்நிரலில் எங்கோ வெற்றிடம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஆனால் நியம வழுவுக்கும் ஆர் வர்க்கத்துக்கும் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) இந்தச் சலுகை கிடையாது; அவற்றைக் கட்டம் கட்டமாகக் கணித்துச் சராசரியாக்கினால் பொருளில்லாத எண் வரும். புள்ளிச் சோடிகளின் படித்திறன்களில் நடுவில் நிற்பதை எடுக்கும் சென் படித்திறனுக்கும் கிடையாது, அது இடையத்தால் ஆனது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி என்று புயல்கள் வந்து போகும் தொடரில் நான் சென் படித்திறனையும் மான்–கெண்டல் என்ற போக்குச் சோதனையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே விரும்புவேன்.

படமாக வரைவதில் தவறே இல்லை, வரையுங்கள். ஆனால் 225 கட்டங்களிலும் 5 சதவீத மட்டத்தில் சோதித்தால், எந்தப் போக்கும் இல்லாத இடத்திலும் சராசரியாகப் பதினொரு கட்டங்கள் தற்செயலாகவே தேறும். அதுவும் அவை சிதறித் தேறுவதில்லை. பக்கத்துக் கட்டங்கள் ஒன்றாக ஆடுவதால் ஒரே திட்டாகச் சேர்ந்து தேறும். முத்தையன்கட்டுக்கு மேலே ஒரு சிவப்புத் திட்டைக் கண்டால் எவருக்கும் அதற்கொரு கதை எழுதத் தோன்றும். பெஞ்சமினியும் ஹொக்பெர்க்கும் 1995இல் முன்வைத்த பொய்க் கண்டுபிடிப்பு வீதத் திருத்தத்தை (தற்செயலாகத் தேறுபவற்றின் பங்கைக் கட்டுப்படுத்துவது) இதில் போட்ட பிறகும் திட்டு எஞ்சினால் கதையை எழுதுங்கள்.

கட்டுக்கரை (மன்னார்)

இங்கே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், வரம்பு ஐயா சொன்னதைவிட எனக்கு இது கூடுதல் கவலை. சிர்ப்ஸ் முழுவதும் செய்மதி அல்ல. மேக உச்சிகள் எவ்வளவு நேரம் குளிராக இருந்தன என்பதை அகச்சிவப்புப் படங்களில் பார்த்து மழையை மதிப்பிட்டு, அதை நிலத்து மழைமானிகளால் திருத்துகிறார்கள். மானி இல்லாத மாதத்தில் திருத்தமும் இல்லை. செய்மதி மதிப்பீடு அப்படியே நிற்கும் அல்லது தூரத்து மானி அதைத் தன் பக்கம் இழுக்கும். போர்க் காலத்தில் வடக்கில் எத்தனை மானிகளின் பதிவு விடுபட்டது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இந்தத் தொடரில் மழை மாறியதோடு அளக்கும் முறையும் நடுவிலே மாறியிருக்கிறது. கோடு இரண்டையும் பிரித்தறியாது. எந்த மாதத்தில் எந்த நிலையங்கள் சேர்ந்தன என்ற பட்டியலைத் தரவை ஆக்குபவர்களே வெளியிடுகிறார்கள். கோடு பொருத்த முன் அதைத் திறந்து பாருங்கள். மானி சேர்க்காத வடிவமான சிர்ப் என்பதையும் எடுத்து, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கே ஒரு போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மானிகளின் வரலாறு.

மேகலை_02 (வவுனியா)

வானிலை மாதிரியால் பழைய வானிலையை மீளக் கணித்த ஈரா-5 தரவுடன் ஒப்பிடலாமே? 0.05 பாகைக்கு இடைச்செருகிவிட்டால் கட்டத்துக்குக் கட்டம் நேராக ஒப்பிடலாம்.

கட்டுக்கரை (மன்னார்)

ஒப்பிடுங்கள், எங்கள் மானிகளின் மழையளவு அதில் சேராததால் நல்ல இரண்டாவது சாட்சி. ஆனால் அதன் கட்டம் 0.25 பாகை, ஒரு பக்கம் 27 கிலோமீற்றருக்கு மேல். அதை இருபத்தைந்தாக உடைப்பதால் இருபத்தைந்து தகவல்கள் பிறப்பதில்லை. ஒரு பிடி அரிசியைக் கஞ்சியாக்கினால் பானை நிறையும், அரிசி கூடாது. சிர்ப்ஸைப் பரப்பு நிறையோடு 0.25 பாகைக் கட்டங்களாகத் திரட்டி அங்கே ஒப்பிடுங்கள். அலகையும் கவனியுங்கள்: ஈரா-5இன் மாதச் சராசரிக் கோப்பில் மழை ஒரு நாளுக்கு இத்தனை மீற்றர் என்று இருக்கும். ஆயிரத்தாலும் அந்த மாதத்தின் நாட்களாலும் பெருக்கினால்தான் மாத மில்லிமீற்றர் வரும்.

பாலியாறு (மாங்குளம்)

சராசரியாக்கி 43 புள்ளிகளில் பொருத்தினேன். படித்திறன் வரம்பு ஐயா சொன்னபடியே மாறவில்லை, பூச்சியங்கள் எல்லாம் கரைந்துவிட்டன. பி பெறுமானத்தை இப்போது யாருக்கும் சொல்லிப் பெருமைப்பட முடியாது. நிலையப் பட்டியலை இந்தக் கிழமை பார்க்கிறேன்.

ஆய்வின் இரண்டாம் பகுதியில் பயிர்ப் பச்சைச் சுட்டியை, அதாவது மொடிஸ் என்ற செய்மதிக் கருவியின் 250 மீற்றர் என்டிவிஐயை, மழையின் மீது பிற்செலவு செய்ய இருக்கிறேன். அதையும் அப்படியே சராசரியாக்கிவிடலாமா?

வரம்பு (வவுனியா)

அங்கே வேறு சிக்கல். எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாகக் கொட்டினால் இரண்டு கேள்விகள் கலந்துவிடும்: மழை கூடிய இடத்தில் பச்சை கூடுகிறதா, மழை கூடிய ஆண்டில் பச்சை கூடுகிறதா? பாலையும் முதிரையும் நிற்கும் காடு எந்த ஆண்டும் பச்சைதான், வயல் அப்படியல்ல. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அந்தக் கட்டத்தின் நீண்டகாலச் சராசரியைக் கழித்துவிட்டு விலகல்களை மட்டும் பொருத்தினால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரு சிர்ப்ஸ் கட்டத்துக்குள் 500 அளவில் மொடிஸ் புள்ளிகள் அடங்கும். மழை அந்த ஐந்நூறுக்கும் ஒன்றேதான் என்பதை மறக்க வேண்டாம். மொடிஸ் 2000 பெப்ரவரியில்தான் தொடங்குவதால், 2000/01 முதல் 2023/24 வரை 24 காலபோகங்களே கையில் உள்ளன. எண்களை 0.0001ஆல் பெருக்க முன் -3000 என்ற விடுபட்ட பெறுமானத்தை அகற்றுங்கள்.

பழைய மழைமானி (கிளிநொச்சி)

வயல்காரன் பக்கமிருந்தும் ஒன்று கேளுங்கள், மகள். சிறுபோகத்தில் இரணைமடுவின் கீழுள்ள வயல் பச்சையாக இருப்பது அந்த நேரத்து மழையால் அல்ல, மாரியில் குளத்தில் சேர்ந்த நீரால். காலபோகத்தில் வெள்ளம் நின்றால் விதைத்த வயல் தண்ணீராகத்தான் தெரியும். மேலே மேகமும் மூடியிருக்கும். அந்த மாதத்து மழையோடு அந்த மாதத்துப் பச்சையை வைத்தால், மழை பயிரைக் கெடுக்கிறது என்று உங்கள் கோடு சொல்லும்.

என்னிடம் வேறொன்றும் இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் நானே மழைமானி வாசித்து எழுதிய கொப்பிகள் சில கைவசம் உள்ளன. பயன்படுமா?

பாலியாறு (மாங்குளம்)

ஐயா, அதைவிடப் பெரிய உதவி இல்லை. மானியின் வாய் ஒரு சாண்கூட இல்லை, கட்டமோ 30 சதுர கிலோமீற்றர். ஆகவே நாள் மழை அப்படியே ஒத்துப்போகாது என்று தெரியும். மாத மொத்தத்திலாவது ஒப்பிடலாம். 2018 டிசம்பர் 21, 22 வெள்ள நாட்களும் கொப்பியில் இருந்தால் நாள் அளவிலும் பார்க்க விருப்பம்.

கட்டுக்கரை (மன்னார்)

நாள் அளவில் பார்ப்பதானால் ஒன்று. நெய்யரித் தரவின் நாள் கிரீன்விச் நள்ளிரவில், எங்கள் நேரம் அதிகாலை 5.30க்குத் தொடங்குகிறது. எங்கள் மானியின் நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. மூன்று மணி நேரம் தள்ளி நிற்கும். ஐயா, 8.30க்கு வாசித்த அளவை எந்தத் திகதியில் எழுதினீர்கள்?

பழைய மழைமானி (கிளிநொச்சி)

நான் வாசித்த நாளின் திகதியிலேயே எழுதினேன். எனக்குப் பின் வந்தவர், மழை பெய்தது முதல் நாள்தானே என்று முதல் நாள் திகதியில் எழுதினார். 2018 அவருடைய காலம். இரண்டு கையெழுத்தும் ஒரே கொப்பியில் இருக்கின்றன, எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்று பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை படமெடுத்து அனுப்புகிறேன்.